ஐப்பசி மழை: அணையைப் பார்க்கும் கண் குளத்தையும் பார்க்கட்டும்

தென்மேற்குப் பருவமழை நிரப்பிவிட்டுப் போன அணைகளின் மேல்தான் இனி வடகிழக்கு மழை விழப்போகிறது. இரண்டு மழையும் வாய்த்தது குமரி மாவட்டத்துக்குக் கொடுப்பினை. ஐப்பசியில் மட்டும் அதுவே ஆபத்து. ஆனி மாதத்தில் பேச்சிப்பாறை அணை 42 அடி என்றால் மனம் குளிரும். இப்போது அதே 42 அடி என்றால், அணை நிரம்ப ஆறே அடிதான் பாக்கி. 42 அடியைத் தொட்டதுமே கரையோரத்துக்கு வெள்ள எச்சரிக்கை விடுவது வழக்கம்.

பத்திரிகையில் அணை நிலவரம் பார்ப்பவர்கள் அடிக்கணக்கோடு நிறுத்திவிடாதீர்கள். நீர்வரத்து எத்தனை கனஅடி, வெளியேற்றம் எத்தனை என்பதையும் சேர்த்துப் படியுங்கள். மட்டம் உயர்ந்திருக்கும்போது வரத்து கூடிக்கொண்டே போனால், மறுகால் மதகு எந்நேரமும் திறக்கலாம். நாகர்கோவிலில் வெயில் அடிக்கிறதே என்று இருக்க வேண்டாம். பாலமோரிலும் கோதையாற்று மலையிலும் பெய்த மழைதான் கணக்கு. கோதையாறு மின்நிலையத்திலிருந்து வரும் தண்ணீரும் பேச்சிப்பாறைக்குத்தான் சேர்கிறது.

உபரிநீர் திறந்தால் திற்பரப்பு, மூவாற்றுமுகம், குழித்துறை என்று ஆறு சட்டென ஏறும். அறிவிப்பு வந்த பிறகு குளிக்கவோ துணி துவைக்கவோ இறங்காதீர்கள். ஆற்றோர மோட்டாரையும் மாடுகளையும் பகலிலேயே மேட்டுக்கு ஏற்றிவிடுங்கள்.

குளங்கள்தான் எனக்குப் பெரிய கவலை. மாவட்டத்தில் 2,000க்கும் மேல் குளங்கள். அவற்றின் மட்டம் எந்தப் பத்திரிகையிலும் வராது. ஊரார்தான் பார்க்க வேண்டும். 2021 நவம்பர் மழையில் குளங்கள் உடைந்து வயல் ஏலாக்கள் முங்கியதை மறந்துவிடக் கூடாது.

முதலில் குளத்து உபரிநீர் வழியும் மறுகாலுக்குப் போய்ப் பாருங்கள். மீன் போகாமலிருக்கக் கட்டிய வலையில் ஆகாயத்தாமரை வந்து அடைந்தால், அது கதவு போட்டதற்குச் சமம். தண்ணீர் கரைமேல் ஏறிவிடும். மீன் குத்தகைக்காரரிடம் பேசி வலையை இன்றே அவிழ்க்கச் சொல்லுங்கள். பலகை, மணல்மூட்டை இருந்தால் அவற்றையும் எடுக்க வேண்டும்.

பிறகு கரையின் வெளிச்சரிவில் நடந்து பாருங்கள். கசிவு தெளிந்த நீராக இருந்தால் தினமும் கண் வைத்தால் போதும். கலங்கி வந்தால் உள்ளே மண் கரைகிறது. அந்த வாயை வெளியிலிருந்து அடைக்காதீர்கள், வேறு இடத்தில் பிய்த்துக்கொள்ளும். சுற்றிலும் மணல்மூட்டை அடுக்கிவிட்டு நீர்வளத் துறைக்கோ, கட்டணமில்லா 1077க்கோ உடனே சொல்லுங்கள்.

பயந்துபோய் மடையைத் திறந்து குளத்தை வடித்துவிடவும் வேண்டாம். கும்பப்பூ நெல் அறுவடைக்கு மாசி ஆகும். பிப்ரவரி முடிவில் அணைகளை மூடுவது வழக்கம். பிந்தி நட்ட கடைமடை வயலுக்குக் கடைசித் தண்ணீர் குளத்திலிருந்துதான் வர வேண்டும்.