பால்பார்க் ஃபிகரை நம்பி பைக் எடுக்காதீங்க: சம்பளப் பேச்சில் வரும் 5 இங்கிலீஷ் ஃபிரேஸ்கள்



ஒரகடம் பக்கம் வேலைக்குச் சேர்ந்த தம்பி ஒருத்தர் என்கிட்ட வந்தார். இன்டர்வியூவில் ஹெச்.ஆர். "பால்பார்க் ஃபிகர் மாசம் 40,000" என்று சொல்லியிருக்கிறார். தம்பி தலையாட்டிவிட்டு, அதே வாரம் பைக்குக்கு இஎம்ஐ போட்டுட்டார். முதல் மாசம் அக்கவுன்ட்டில் விழுந்தது 31,000 சொச்சம். ஹெச்.ஆர். பொய் சொல்லலை. தம்பிக்கு அந்த வார்த்தை புரியலை, கேட்கக் கூச்சம்.

அந்தக் கூச்சத்துக்குத்தான் இந்தப் பதிவு.

1. பால்பார்க் ஃபிகர்
பால்பார்க் என்றால் அமெரிக்காவில் பேஸ்பால் மைதானம். பந்து மைதானத்துக்குள்ளதான் இருக்கு, எந்த இடம்னு தெரியாது. அதாவது "தோராயமா". இதைக் கேட்டதும் நீங்க சொல்ல வேண்டியது: "குட் யூ ஷேர் தி பிரேக்-அப் இன் ரைட்டிங்?" மரியாதையான கேள்விதான், தயங்காதீங்க.

2. பாட்டம் லைன்
லாப நஷ்டக் கணக்கில் கடைசி வரி நிகர லாபம். அதிலிருந்து வந்தது, "கடைசியா விஷயம் என்ன?" என்று அர்த்தம். உங்களுக்குப் பாட்டம் லைன் கையில் வரும் சம்பளம்தான். தம்பியின் கணக்கைப் பாருங்க:

- மாச சிடிசி: 40,000 (பேசிக் 20,000)
- வேரியபிள் பே: 4,000 (வருஷக் கடைசியில், டார்கெட்டைப் பொறுத்து)
- கம்பெனி கட்டும் பிஎஃப்: 1,800 (15,000 உச்சவரம்பில் 12%)
- கிராஜுட்டி ஒதுக்கீடு: 962 (நிரந்தர ஊழியருக்குப் பொதுவா 5 வருஷம் முடிச்சாத்தான் கிடைக்கும்)
- உங்க பங்கு பிஎஃப்: 1,800

மிச்சம் 31,438. தொழில் வரி, கேன்டீன் பிடித்தம் தனி. கேட்க வேண்டியது: "வாட் வில் பி மை மன்த்லி டேக்-ஹோம்?"

3. ஃபைன் பிரிண்ட்
பொடி எழுத்தில் இருக்கும் நிபந்தனைகள். "ஐ'ட் லைக் டு ரீட் தி ஃபைன் பிரிண்ட் பிஃபோர் சைனிங்" என்று சொல்லி ஒரு நாள் டைம் கேளுங்க. நோட்டீஸ் பீரியட், டிரெயினிங் பாண்ட், ஜாயினிங் போனஸைத் திருப்பித் தர வேண்டிய காலம், இந்த மூணையும் கண்டிப்பா படிங்க.

4. மேக் எண்ட்ஸ் மீட்
நம்ம ஊர்ல "கைக்கும் வாய்க்கும் சரியா இருக்கு"ன்னு சொல்றோமே, கிட்டத்தட்ட அதுதான். நண்பர்களிடம் தாராளமா சொல்லலாம். அப்ரைசல் ரூமில் மட்டும் வேண்டாம். அங்கே உங்க வாடகை எடுபடாது. லைனில் ரிஜெக்‌ஷன் எவ்வளவு குறைச்சீங்க என்பதுதான் எடுபடும்.

5. கோல்டன் ஹேண்ட்ஷேக்
கேட்க அழகா இருக்கும். அர்த்தம்: ஒரு தொகை கொடுத்து, கைகுலுக்கி, வீட்டுக்கு அனுப்புவது. நம்ம ஏரியாவுக்கு இது புதுசு இல்லை. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா பிளான்ட் 2006-ல் உற்பத்தியைத் தொடங்கியது. 2014-ல் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. அதே வருஷம் நவம்பர் 1-ல் உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள், பலருக்கு அதுதான் முதல் வேலை.

இதில் வரி விஷயமும் உண்டு. விருப்ப ஓய்வுத் தொகையில் 5 லட்சம் வரை வரிவிலக்கு கிடைக்கும். ஆனால் 10 வருஷ சர்வீஸ் அல்லது 40 வயது ஆகியிருக்கணும். 8 வருஷமே ஓடிய பிளான்ட்டில் சேர்ந்த சின்னப் பசங்களுக்கு 10 வருஷத்துக்கு எங்கே போவது? அதனால் யாராவது இந்த வார்த்தையைச் சொன்னால் உடனே கேளுங்க: "ஹவ் மச், ஆஃப்டர் டாக்ஸ்?" கூடவே, 6 மாசச் செலவுக்கான பணத்தை இன்றைக்கே தனி அக்கவுன்ட்டில் சேர்க்க ஆரம்பிங்க.

ஒரே ரூல்தான் நண்பர்களே: எதிரே இருப்பவர் ஃபிரேஸ் சொன்னால், நீங்க நம்பர் கேளுங்க. கிராமர் தப்பா இருந்தாலும் பரவாயில்லை. நம்பர் சரியா இருக்கணும்.

நீங்க புரியாமலே தலையாட்டின ஃபிரேஸ் எது? கமென்ட்டில் போடுங்க, அடுத்த வீடியோவில் பார்ப்போம்.