இடம் மாறினால் இயல்பு மாறும்

‘கதவு’ என்னும் சொல்லில் மூன்று எழுத்துகள் உள்ளன. முதல் இரண்டு எழுத்துகளையும் இடம் மாற்றிப் பாருங்கள். ‘தகவு’ என்னும் சொல் கிடைக்கும். கதவு வீட்டுக்கு உரியது. தகவு ஒருவரின் தகுதியைக் குறிப்பது. நாம் ஓர் எழுத்தைக்கூடச் சேர்க்கவில்லை, நீக்கவுமில்லை. வரிசையை மட்டுமே மாற்றினோம். பொருளோ முற்றிலும் மாறிவிட்டது.

மூலக்கூறுகளிலும் இத்தகைய மாற்றம் நிகழ்வதுண்டு. குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் ஆகிய இரண்டும் சர்க்கரை வகைகள். இரண்டிலும் 6 கார்பன், 12 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன் அணுக்களே உள்ளன. ஆயினும், ஃபிரக்டோஸ் குளுக்கோஸைவிட அதிகம் இனிக்கும். இரண்டையும் நம் உடல் கையாளும் முறையும் வேறு. காரணம், அணுக்கள் அமைந்துள்ள விதம் ஒன்றாக இல்லை. இவ்வாறு ஒரே அணுக்களைக் கொண்டு, அமைப்பில் மட்டும் வேறுபடும் மூலக்கூறுகளை ‘ஐசோமர்கள்’ என்பர். ஓர் ஐசோமரை மற்றோர் ஐசோமராக மாற்றும் நொதிகளே ‘ஐசோமரேஸ்’ நொதிகள்.

நொதி எவ்வாறு செயல்படுகிறது?

நொதிகளில் பெரும்பாலானவை புரதங்கள். அவற்றில் குழி போன்ற ஒரு பகுதி இருக்கும். அக்குழிக்குள் பொருந்தும் மூலக்கூறிலேயே நொதி செயல்படும். குளுக்கோஸ் பெரும்பாலும் வளைய வடிவில் இருக்கும். நொதியின் குழிக்குள் அவ்வளையம் திறந்து சங்கிலியாகிறது. பின்னர், இரண்டாம் கார்பனில் இருந்த ஹைட்ரஜன் அணு முதல் கார்பனுக்கு இடம் பெயர்கிறது. அதனுடன் பிணைப்புகளும் மாறுகின்றன. குளுக்கோஸ் ஃபிரக்டோஸாகிறது. வேலை முடிந்ததும் நொதி மாறாமல் மீள்கிறது. அடுத்த மூலக்கூறை ஏற்கிறது.

இம்மாற்றத்தை நுண்ணுயிரியின் நொதி ஒன்று செய்வதை ஆய்வாளர்கள் 1957ஆம் ஆண்டு அறிவித்தனர். 1960களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதனைத் தொழில்துறைக்கு ஏற்றவாறு மேம்படுத்தினர். மக்காச்சோள மாவுச்சத்திலிருந்து பெறும் குளுக்கோஸ் பாகை இந்நொதியின் மீது செலுத்தினால், அதன் சர்க்கரையில் சுமார் 42 விழுக்காடு ஃபிரக்டோஸாக மாறும். முழுவதும் ஏன் மாறுவதில்லை? இந்நொதி குளுக்கோஸை ஃபிரக்டோஸாக்கும். ஃபிரக்டோஸை மீண்டும் குளுக்கோஸாகவும் ஆக்கும். இரு மாற்றங்களும் சமமாகும் நிலையைத் தாண்டி அதனால் செல்ல இயலாது. நொதி வேகத்தைக் கூட்டுமே தவிர, அந்தச் சமநிலையை மாற்றாது.

உடலுக்குள் ஒரு முக்கியப் பணி

நம் உயிரணுக்களிலும் ஐசோமரேஸ்கள் இடைவிடாது செயல்படுகின்றன. உயிரணு ஆற்றலைப் பெறுவதற்காகக் குளுக்கோஸைப் படிப்படியாகச் சிதைக்கிறது. அப்போது, மூன்று கார்பன் அணுக்களைக் கொண்ட இரண்டு துண்டுகள் கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்று மட்டுமே நேராக அடுத்த படிக்குச் செல்லும். மற்றதை டிரையோஸ் பாஸ்பேட் ஐசோமரேஸ் என்னும் நொதி மாற்றியமைத்து, அதே பாதைக்குக் கொண்டுவருகிறது. மிக வேகமாகச் செயல்படும் நொதிகளுள் இதுவும் ஒன்று. இந்நொதி போதிய அளவு செயல்படாத அரிய மரபுநோய் ஒன்று உண்டு. அந்நோயுடன் பிறக்கும் குழந்தைகள் சிறுவயதிலேயே இரத்தச் சோகைக்கும் கடுமையான நரம்பு மண்டலப் பாதிப்புக்கும் ஆளாகின்றனர்.

வகைப்பாடு

ஆயிரக்கணக்கான நொதிகளை வகைப்படுத்த அறிவியலாளர்கள் ஒரு முறையை வகுத்துள்ளனர். 1961இல் வெளியான அறிக்கையில் ஆறு பெரும் வகுப்புகள் இருந்தன. 2018இல் ஏழாவது சேர்ந்தது. ஐசோமரேஸ்கள் ஐந்தாம் வகுப்பைச் சேர்ந்தவை. எனவே, அவற்றின் எண்கள் யாவும் 5இல் தொடங்கும். இரண்டாவது எண், நிகழும் மாற்றத்தின் வகையைக் காட்டும்.

5.1 – மூலக்கூறைக் கண்ணாடிப் பிம்பம்போல் மாற்றுபவை, அல்லது ஒரே ஒரு கார்பனில் மட்டும் அமைப்பைத் திருப்புபவை.
5.2 – இரட்டைப் பிணைப்பின் ஒரே பக்கத்தில் உள்ள தொகுதிகளை எதிரெதிர்ப் பக்கங்களுக்கு மாற்றுபவை, அல்லது எதிரெதிராக உள்ளவற்றை ஒரே பக்கத்துக்குக் கொண்டுவருபவை.
5.3 – ஒரே மூலக்கூறுக்குள் ஒரு பகுதியை ஆக்சிஜனேற்றமும் மற்றொரு பகுதியை ஒடுக்கமும் செய்பவை. மேலே கண்ட இரண்டு நொதிகளும் இப்பிரிவைச் சேர்ந்தவை.
5.4 – அணுத்தொகுதி ஒன்றை மூலக்கூறின் வேறோர் இடத்துக்கு நகர்த்துபவை.
5.5 – மூலக்கூறின் ஒரு பகுதியைப் பிரித்தாலும், அது அதே மூலக்கூறுடன் இணைந்தே இருக்கச் செய்பவை.
5.6 – டி.என்.ஏ. போன்ற பெரிய மூலக்கூறுகளின் வடிவத்தை மாற்றுபவை.

இவற்றுள் அடங்காதவை 5.99 என்னும் பிரிவில் இடம்பெறும்.

இந்த அறிவு மருத்துவத்துக்கும் பயன்படுகிறது. பாக்டீரியா தன் உயிரணுச் சுவரைக் கட்ட, அலனின் என்னும் அமினோ அமிலத்தின் கண்ணாடிப் பிம்ப வடிவம் தேவை. அதனை உருவாக்குவது 5.1 பிரிவைச் சேர்ந்த ஒரு நொதி. சைக்ளோசெரின் என்னும் மருந்து அந்நொதியைத் தடுக்கிறது. சுவரைச் சரியாகக் கட்ட இயலாத பாக்டீரியா நலிகிறது. பிற மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு இன்றும் இம்மருந்து வழங்கப்படுகிறது.

ஆக, ஒரு பொருளில் என்னென்ன உள்ளன என்பதை மட்டும் அறிந்தால் போதாது. அவை எவ்வாறு அமைந்துள்ளன என்பதையும் அறிய வேண்டும். ஓர் அணுவின் இடம் மாறினால் சுவை மாறலாம்; சில வேளைகளில் ஓர் உயிரே பிழைக்கலாம்.

சிந்தித்து விடையளி

1. ‘கதவு – தகவு’ என்னும் எடுத்துக்காட்டின்வழி ஆசிரியர் விளக்க வரும் கருத்து யாது?
2. குளுக்கோஸ் முழுவதையும் நொதியால் ஃபிரக்டோஸாக மாற்ற இயலாதது ஏன்?
3. ஒரு நொதியின் எண் 5.4 எனத் தொடங்கினால், அதன் பணியைப் பற்றி நீ என்ன கூறலாம்?
4. சைக்ளோசெரின் மருந்து காசநோய்க் கிருமியை எவ்வாறு பாதிக்கிறது? உன் சொந்த நடையில் எழுதுக.