அந்நியன் என்று சொன்னது யார்?

அன்பு மருமகள் துளசிக்கு,

கண்டி ராசாவை வெள்ளைக்காரர் பிடித்தது அவர் தமிழர் என்றபடியாலா, கொடியவர் என்றபடியாலா என்று கேட்டு எழுதியிருந்தாய். உங்கள் வகுப்பில் இதற்கு இரண்டு கட்சியாம். இரண்டு கட்சியும் சொல்வது 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதைத்தான். வென்றவன் எழுதிய காரணத்தை நாம் இன்றைக்கும் பாடமாக்கிக்கொண்டிருக்கிறோம்.

முதலில் ஆளைப் பார். கண்ணுசாமி நாயக்கர் குடும்பத்துப் பிள்ளை. கண்டி அரசர்கள் மதுரைப் பக்கத்து நாயக்கரிடம் பெண் எடுப்பது பழைய வழக்கம். 1739இல் நரேந்திரசிங்கன் பட்டத்துக்குரிய பிள்ளையில்லாமல் இறந்தபோது, அரசியின் சகோதரர் சிம்மாசனம் ஏறினார். அடுத்து வந்த கீர்த்தி ஸ்ரீ, சியாமிலிருந்து பிக்குகளை வரவழைத்து, அற்றுப்போயிருந்த உபசம்பதா என்ற முழுத் துறவறப் பட்டத்தை 1753இல் மீட்டவர். அவரையும் 1760இல் சில பிரதானிகள் கொல்லச் சதி செய்தார்கள். ஆகவே ‘அந்நியன்’ என்ற முணுமுணுப்பு வெள்ளைக்காரர் கொண்டுவந்ததல்ல. அரண்மனைக்குள் கோபம் வரும்போதெல்லாம் அது தலைகாட்டும். ஆனால் 1798இல், 18 வயதளவான கண்ணுசாமியை ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் ஆக்கியவரே பிலிமத்தலாவை என்ற சிங்களப் பிரதானிதான். இளைஞனை ஆட்டிவைக்கலாம் என்பது அவர் கணக்கு. கணக்குப் பிழைத்தது.

இனி 1803க்கு வா. இந்த ஆண்டைத்தான் எல்லாரும் ஓடித் தாண்டிவிடுகிறார்கள். தேசாதிபதி நோர்த் கண்டிக்குப் படை அனுப்பி, வேறொருவரை அரசனாக்கினார். அவர் பெயர் முத்துசாமி. அவரும் நாயக்கரே! அன்றைக்கு நாயக்கர் என்பது வெள்ளைக்காரருக்கு ஒரு குறையாகவே படவில்லை. சொல்வழி கேட்டால் போதும். காய்ச்சலும் பட்டினியும் படையைத் தின்றன. படைத்தலைவர் மேஜர் டேவி சரணடைந்தார். முத்துசாமியும் வெள்ளைச் சிப்பாய்களும் மகாவலிக் கரையில் கொல்லப்பட்டார்கள்.

பன்னிரண்டு வருடம் கழித்துப் படையெடுத்த தேசாதிபதி பிரவுண்ரிக் புத்தியாக நடந்தார். சிங்களம் நன்கு தெரிந்த அவருடைய அதிகாரி ஜோன் டொயிலி, பிக்குகள், வியாபாரிகள் மூலம் பிரதானிகளின் மனத்தை ஓலை ஓலையாகப் பிடித்துவைத்திருந்தார். அரசனும் வெள்ளைக்காரருக்கு உதவி செய்தார் என்றுதான் சொல்லவேண்டும். கொழும்புக்கு ஓடிவந்த பிரதானி எகலப்பொலவின் மனைவியையும் சின்னப் பிள்ளைகளையும் 1814இல் கொல்வித்தார். எங்கள் ஆள் என்று சொல்லி இதை மூடிமறைக்க நான் தயாரில்லை, நீயும் மறைக்காதே. அதே ஆண்டு, ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதி வியாபாரிகள் சிலர் கண்டியில் அங்கம் வெட்டப்பட்டார்கள். காத்திருந்த காரணம் கைக்கு வந்தது. 1815 ஜனவரி 10இல் போர்ப் பிரகடனம். பிரதானிகள் ஒவ்வொருவராக விலகிவிட, பெப்ரவரி 14இல் படை கண்டிக்குள் நுழைந்தது. 18இல் மெதமகாநுவரப் பக்கம் அரசர் பிடிபட்டார்.

ஒப்பந்தத்தின் முதல் வாசகமே அரசரின் கொடுமைகளைத்தான் சொல்கிறது. ‘மலபார்’ இனத்தாரின், அதாவது அரசரைப் போன்ற தென்னிந்தியரின், அரசுரிமை ஒழிந்தது என்று இன்னொன்று. பெரிய பிரித்தானியாவிலிருந்து வந்தவர் இதை எழுதிக் கையொப்பம் வாங்கினார் என்பதை நினைத்துப் பார். பட்டம் ஜோர்ஜ் மன்னருக்குப் போனது. 1856இல் அவத் நவாபையும் ‘ஆட்சி சரியில்லை’ என்றே கும்பினியார் இறக்கினார்கள், சூத்திரம் மாறவில்லை.

அரசரை மார்ச் மாதம் கொழும்புக்குக் கொண்டுவந்தார்கள். வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி பஸ் ஏறிக் கோட்டைக்குப் போனால், செலிங்கோ கட்டடத்தருகே அவரை அடைத்த சிறை என்று ஒரு சின்ன அறையைக் காட்டுவார்கள். பார், ஆனால் அப்படியே நம்பாதே. கோட்டைக்குள் நன்றாக ஒழுங்குசெய்த பெரிய வீட்டில் வைத்தார்கள் என்று அக்கால இராணுவ வைத்தியர் ஹென்றி மார்ஷல் எழுதியிருக்கிறார். 1816 ஜனவரியில் ‘கோர்ன்வாலிஸ்’ கப்பலில் ஏற்றி, வேலூர்க் கோட்டைக்கு அனுப்பினார்கள். 1832இல் அங்கேயே இறந்தார். முடிக்கு ஆசைப்பட்ட எகலப்பொல அதற்கு முன்பே, 1829இல், மொரிசியஸில் கைதியாகச் செத்துப்போனார்.

உன் வகுப்புத் தோழிகளுக்கு ஒன்று சொல். 1817இல் ஊவாவில் சனங்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தார்கள். அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிப்பொல என்ற பிரதானியே அவர்களோடு சேர்ந்தார். அவர்கள் முன்னிறுத்திய அரசன் வில்பாவே என்ற சிங்களவர், முன்பு துறவியாக இருந்தவர். சனங்களிடம் போய் அவர் தன்னை யார் என்று சொல்லிக்கொண்டார் தெரியுமா? நாயக்கர் வம்சத்துத் துரைசாமி என்று.

அன்புடன்,
கொட்டாஞ்சேனை மாமா