ஐப்பசி மழையும் மேய்ச்சல் புல்லும்: மாடு வளர்ப்போருக்கு

பட்டுத் தறிக்குப் பெயர் பெற்ற ஆரணியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில், பகலில் ஏரிக்கரையிலும் மேய்க்கால் புறம்போக்கிலும் மேய்ந்து திரும்பும் மாடுகளுக்கு மாலையில் வைக்கோலும் தவிடும் பிண்ணாக்கும் வைப்பது வழக்கம். மேய்ச்சலுக்கு மேல் கையால் இடும் இத்துணைத் தீவனம், பாலை மட்டுமன்றி மேய்ச்சல் நிலத்தின் விளைச்சலையும் மாற்றவல்லது என்பதால், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் இந்நாளில் அதை எப்போது, எங்கே இடுவது என்பது முக்கியமாகிறது.

முதல் மழைக்குத் துளிர்க்கும் புல், தூரிலும் வேரிலும் சேமித்திருந்த சத்தைச் செலவிட்டே இலை விடுகிறது. அவ்விலை வேருக்கு உணவு அனுப்பத் தொடங்குமுன் மாடு கடித்துவிட்டால் புல் நலிந்து, பார்த்தீனியம் அவ்விடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே சில வாரங்களுக்கு மாட்டைக் கட்டி வைத்து, மானாவாரி அறுவடையில் கிடைத்த கடலைக்கொடியையும் வைக்கோலையும் இடுவதே இப்போது செய்ய வேண்டியது. ஒரு பிடி புல்லைப் பற்றி இழுக்கையில் வேரோடு வந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும்; நுனி மட்டும் அறுந்து வந்து, புல்லும் ஒரு சாண் உயர்ந்திருந்தால் மேயவிடலாம். நான்கு விரல் அடிப்புல் மிஞ்சும்போதே மாட்டை வேறிடம் மாற்றிவிட வேண்டும்.

வைக்கோலில் புரதம் மிகக் குறைவு. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் நீரில் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வைத்து, ஆறவிட்டு இடலாம். கரைசலை மாடு குடித்தால் உயிருக்கே ஆபத்து. ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு இவ்வைக்கோல் ஆகாது. பூசணம் பிடித்த பிண்ணாக்கின் நஞ்சு பாலிலும் இறங்கும் என்பதால் அதை அறவே ஒதுக்க வேண்டும்.

பசுமைக் காலத்தில் தீவனம் தின்ற மாடு புல்லைக் குறைவாக மேயும். இதுவே பதிலீட்டு விளைவு. கோடையில் நிலைமை நேர்மாறானது: காய்ந்த புல்லின் புரதம் 7 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியபின் சிறிது பிண்ணாக்கு இட்டால், இரைப்பை நுண்ணுயிர்கள் வலுப்பெற்று மாடு கூடுதலாக மேய்கிறது. ஆகவே தீவனத்தை நம்பி மாட்டின் எண்ணிக்கையைக் கூட்டுவோர் நிலத்தைத்தான் அழிக்கின்றனர்.

தீவனத்தின் தழைச்சத்தில் பெரும்பங்கு சாணமும் மூத்திரமுமாக வெளியேறுவதால், மேயவிடத் தொடங்கியபின், மழையற்ற நாட்களில் வைக்கோலைப் புல் மெலிந்த திட்டுகளில் இடம் மாற்றி மாற்றிப் போடுவது, வயலில் கிடை கட்டுவதைப் போன்ற பயனைத் தரும்.

புறம்போக்கு பொது நிலம். ஒருவர் கட்டி வைக்க மற்றவர் அவிழ்த்துவிட்டால் புல் தேறாது. இவ்வாரமே ஊரார் கூடிப் பேசி, மாடுகளை அவிழ்த்துவிடும் நாளைக் குறிக்க வேண்டும்.