சத்தம் போடும் ஃப்ரிட்ஜ்: புது மெக்கானிக் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஐ.டி.ஐ.யில் இரண்டு வருட ஃப்ரிட்ஜ் – ஏசி மெக்கானிக் படிப்பை முடித்துவிட்டு சர்வீஸ் வேலைக்கு வரும் பையன்களுக்கு "கூலிங் இல்லை" என்ற புகார் பயம் தராது. மீட்டர் இருக்கிறது, கேஜ் இருக்கிறது, படித்தது நினைவில் இருக்கிறது. "ஃப்ரிட்ஜ்ல ஒரு மாதிரி சத்தம் வருது" என்ற புகார்தான் வயிற்றைக் கலக்கும். நீங்கள் போய் நிற்கும் நேரம் பார்த்து அது சாதுவாக நிற்கும். வீட்டுக்கார அம்மா வாயாலேயே சத்தத்தைச் செய்து காட்டுவார். அதை வைத்துக்கொண்டு பழுதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

எனவே, போவதற்கு முன்பே வேலையைத் தொடங்குங்கள். நேரம் கேட்டுப் போன் செய்யும்போதே, "அக்கா, அடுத்த தடவை சத்தம் வந்தா போன்ல பதிவு பண்ணி வாட்ஸ்அப்ல அனுப்புங்க" என்று சொல்லிவிடுங்கள். வீட்டுக்குப் போனதும் டூல் பையைத் திறக்காமல் முதலில் கேள்வி கேளுங்கள். ஓட ஆரம்பிக்கும்போது வருகிறதா, நிற்கும்போதா, விடாமல் வருகிறதா? கதவைத் திறந்தால் நிற்கிறதா? சமீபத்தில் வீடு மாற்றினார்களா, வெள்ளையடிக்க நகர்த்தினார்களா? கடைசிக் கேள்விக்கு "ஆமா" என்று பதில் வந்தால் பாதி வேலை முடிந்தது.

ஏனென்றால் நகர்த்திய ஃப்ரிட்ஜில் வரும் சத்தத்துக்குப் பெரும்பாலும் ஸ்பேர் தேவைப்படாது. கால் திருகு ஒன்று தரையைத் தொடாமல் இருக்கும். பின்புறத்துக் குழாய் பாடியை உரசும். கம்ப்ரசருக்கு மேலே இருக்கும் தண்ணீர்த் தட்டு சரியாக உட்காராமல் அதிரும். தலைமேல் வைத்த ஸ்டெபிலைசரும் பூஜாடியும்கூடச் சத்தம் போடும். ஓடும்போதே ஒவ்வொன்றாகக் கையால் லேசாக அழுத்திப் பாருங்கள். எதை அழுத்தினால் சத்தம் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. குழாயை வளைக்க வேண்டியிருந்தால் மெதுவாக, கொஞ்சமாக. கேபிலரி குழாய் நசுங்கினால் வந்த வேலை ஒன்று, கிடைத்த வேலை வேறு என்றாகிவிடும். கால்களைச் சரிசெய்யும்போது முன்பக்கம் சற்றே உயர்ந்திருக்கட்டும், கதவு தானாக மூடும்.

அடுத்தது கதவுச் சோதனை. ஃப்ராஸ்ட் ஃப்ரீ டபுள் டோரில் ஃப்ரீசரின் பின்பலகைக்குள் ஒரு ஃபேன் இருக்கிறது. பெரும்பாலான மாடல்களில் கதவைத் திறந்தால் சுவிட்ச் அதை நிறுத்திவிடும். கர கர என்ற சத்தம் கதவைத் திறந்ததும் நின்று, சுவிட்சை விரலால் அழுத்தியதும் திரும்ப வந்தால் சத்தம் ஃபேனில்தான். டைரக்ட் கூல் சிங்கிள் டோரில் இந்த ஃபேனே கிடையாது, அங்கே இதைத் தேடாதீர்கள்.

கீச்சென்ற ஒலி என்றால் மோட்டார் புஷ் தேய்ந்திருக்கும். எண்ணெய் விட்டால் கொஞ்ச நாள் அடங்கும், பிறகு அதே வீட்டிலிருந்து அழைப்பு வரும். மோட்டாரை மாற்றிவிடுவதே சரி. கர கர, தட தட என்றால் ஃபேன் இறக்கை ஐஸில் உரசுகிறது. இங்கேதான் அவசரக்காரர்கள் தவறு செய்கிறார்கள். ஐஸை உடைத்துப் போட்டுவிட்டு, "சரியாயிடுச்சு" என்று கையெழுத்து வாங்கிப் போய்விடுகிறார்கள். ஐஸ் எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஒன்று, கேஸ்கெட் கிழிந்து ஈரக்காற்று உள்ளே போகிறது. அல்லது தண்ணீர் இறங்கும் துளை அடைத்திருக்கிறது. அல்லது டீஃப்ராஸ்ட் வேலை செய்யவில்லை: ஹீட்டர், பைமெட்டல், டைமர் மூன்றில் ஒன்று. புது மாடல் என்றால் டைமருக்குப் பதில் போர்டும் சென்சாரும். பைமெட்டலைச் சோதிக்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம். அது நன்கு குளிர்ந்திருக்கும்போதுதான் கன்டினியூட்டி காட்டும். கழற்றி மேசைமேல் வைத்து அளந்தால் நல்ல பைமெட்டலும் போனதுபோலவே தெரியும். நல்ல சாமான் குப்பைக்குப் போவது இப்படித்தான். ஐஸை ஸ்க்ரூ டிரைவரால் குத்தவும் கூடாது. உள்ளே இருப்பது அலுமினியக் குழாய், ஒரு குத்தில் கேஸ் முழுதும் போய்விடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் கரைய விடுங்கள்.

இனி, எல்லாரையும் பயமுறுத்தும் சத்தம். டிக்... ம்ம்ம்... டிக். சில நிமிடம் அமைதி, மறுபடி அதே. கம்ப்ரசர் ஓட முயல்கிறது, முடியவில்லை, ஓவர்லோடு அதை வெட்டிவிடுகிறது. வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்து "கம்ப்ரசர் போச்சு" என்று சொல்ல நாக்கு துடிக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். முதலில் பிளக் பாயின்டில் வோல்டேஜ் பாருங்கள், அதுவும் கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆக முயலும் அந்த நேரத்தில். சும்மா இருக்கும்போது 230 காட்டும் பாயின்ட், லூஸான சாக்கெட்டாலோ மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயராலோ அந்த நொடியில் படுத்துவிடும்.

வோல்டேஜ் சரி என்றால் பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டர் இருந்தால் டிஸ்சார்ஜ் செய்துவிட்டு, ரிலேயைக் கழற்றிக் காதருகே குலுக்குங்கள். பி.டி.சி. ரிலேயில் உள்ளே இருக்கும் வில்லை உடைந்திருந்தால் கிலுகிலுப்பை மாதிரி ஒலிக்கும். அது விலை குறைந்த சாமான், மாற்றிப் பார்க்கலாம். பிறகு கம்ப்ரசரின் மூன்று பின்களுக்கு இடையே ஓம்ஸ் எடுங்கள். காமன்–ஸ்டார்ட், காமன்–ரன் இரண்டையும் கூட்டினால் ஸ்டார்ட்–ரன் வர வேண்டும். எந்தப் பின்னுக்கும் பாடிக்கும் இடையே கன்டினியூட்டி இருக்கக் கூடாது. இன்வெர்ட்டர் கம்ப்ரசர் என்றால் கணக்கே வேறு. மூன்று அளவும் ஏறக்குறைய சமமாக இருக்கும். அதற்குச் சப்ளை போர்டிலிருந்துதான் வர வேண்டும், நேரடியாக மெயின் கரன்ட் கொடுத்து ஓட்டிப் பார்க்கும் பழைய பழக்கம் அதைக் கொன்றுவிடும்.

கம்ப்ரசரை நிறுத்தினால் உடனே போடாதீர்கள். உள்ளே இரு பக்கத்து அழுத்தமும் சமமாக ஐந்து நிமிடமாவது வேண்டும். அதற்குள் போட்டால் நல்ல கம்ப்ரசரும் டிக் என்று வெட்டும், நீங்கள் அதைப் பழுதென்று எழுதிவிடுவீர்கள். எல்லாம் சரியாக இருந்தும், ஐந்து நிமிடம் விட்டுப் போட்டும் டாங் டெஸ்டரில் பல ஆம்பியர் எகிறி மறுபடி வெட்டினால் கம்ப்ரசர் உள்ளே ஜாம். வீட்டு ஃப்ரிட்ஜ் ஒழுங்காக ஓடும்போது ஒரு ஆம்பியரைச் சுற்றித்தான் இழுக்கும், வித்தியாசம் தெளிவாகத் தெரியும். இப்போது சொல்லலாம். சொல்லும்போது ஃப்ரிட்ஜின் வயது, கம்ப்ரசர் விலை, புதுசின் விலை மூன்றையும் சேர்த்துச் சொல்லிவிட்டு முடிவை அவர்களிடம் விடுங்கள்.

நிற்கும்போது வரும் லேசான 'டொக்' ஒலி சாதாரணம். கம்ப்ரசர் கூட்டுக்குள் மோட்டார் ஸ்பிரிங்குகளின்மேல் உட்கார்ந்திருக்கிறது, நிற்கும்போது ஆடி அடங்கும். ஒவ்வொரு முறையும் இரும்பில் இரும்பு மோதுவதுபோல் அடித்தால் மட்டும் ஸ்பிரிங் பற்றி யோசியுங்கள். எங்கிருந்து வருகிறது என்று சந்தேகமாக இருந்தால் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையைக் கூட்டின்மேல் வைத்துப் பிளாஸ்டிக் கைப்பிடியைக் காதோரம் பிடியுங்கள். வயர் இணைப்புப் பக்கமும் ஃபேன் பக்கமும் போக வேண்டாம்.

இப்போது தொழிலில் கடினமான பகுதி: ஒன்றும் பழுதில்லை என்று சொல்வது. கேபிலரியிலிருந்து எவாப்பரேட்டருக்குள் குளிர்வாயு நுழையும்போது களக் களக் என்றும் உஸ் என்றும் கேட்கும். ஃப்ரீசருக்குள் டீஃப்ராஸ்ட் நேரத்தில் நீர்த்துளி ஹீட்டரில் விழுந்து சுர்ரென்னும். குளிரில் சுருங்கி விரியும் பிளாஸ்டிக் உட்சுவர் ராத்திரியில் டப்பென்று வெடிக்கும். பழைய சிங்கிள் டோரிலிருந்து இன்வெர்ட்டர் ஃப்ரிட்ஜுக்கு மாறியவர்கள், "நிக்கவே மாட்டேங்குது தம்பி" என்பார்கள். வேகத்தைக் குறைத்து நெடுநேரம் ஓடுவதுதான் அதன் வேலை. இதை எல்லாம் இரண்டு வாக்கியத்தில் விளக்கி, விசிட் சார்ஜையும் கூச்சமில்லாமல் வாங்குங்கள். ஸ்பேர் மாற்றினால்தான் காசு கேட்கலாம் என்ற எண்ணம்தான் தேவையில்லாத ரிலேயையும் கேஸ் சார்ஜையும் பில்லில் ஏற்றுகிறது.

கேஸ் என்றதும் ஒன்று. கூலிங் சரியாக இருக்கும் ஃப்ரிட்ஜில் சத்தத்துக்காகக் குழாயை வெட்டாதீர்கள், கடையில் மூத்தவர் சொன்னாலும். புது ஃப்ரிட்ஜ்களில் பல ஆர்600ஏ, அதாவது ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கும் வாயு. கம்ப்ரசர்மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் எழுதியிருக்கும், தீக்குறியும் இருக்கும். கிராம் கணக்கில்தான் நிரப்புவார்கள், டிஜிட்டல் தராசு இல்லாமல் 'கொஞ்சம் ஏத்தி விடு' என்பது அதில் நடக்காது. காற்றைவிடக் கனமானது என்பதால் கசிந்தால் தரையோரம் தேங்கும்; மூடிய சமையலறையில் டார்ச்சைப் பற்றவைப்பதை நினைத்தே பார்க்கக் கூடாது. இதற்குத் தனிப் பயிற்சி இருக்கிறது. உங்கள் கம்பெனி அனுப்புகிறது என்றால் முதல் ஆளாகப் பெயர் கொடுங்கள், சம்பள உயர்வு கேட்கும்போது அந்தச் சான்றிதழ் பேசும்.

ஜாப் கார்டில் 'சத்தம் சரிசெய்யப்பட்டது' என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். என்ன ஒலி, எங்கிருந்து, எப்போது வந்தது, என்ன செய்தீர்கள், வோல்டேஜ் எவ்வளவு, ஆம்பியர் எவ்வளவு, எல்லாம் எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து அதே வீட்டிலிருந்து புகார் வந்தால், அது பழைய பழுதா புதுசா என்று சூப்பர்வைசர் பார்க்கப்போவது அந்தக் காகிதத்தைத்தான். கிளம்பும் முன் தெர்மோஸ்டாட் குமிழைத் திருப்பி கம்ப்ரசரை நிறுத்தி, ஐந்து நிமிடம் காத்திருந்து, மறுபடி ஓடவிட்டு, அந்தச் சத்தத்தை வீட்டுக்காரரையே கேட்கச் சொல்லுங்கள். அவர் தலையாட்டிய பிறகு கார்டை நீட்டுங்கள்.