பெரிய கட்டத் துணியில் மடிப்பு அமைத்தல்

மனைப்பொருளியல் – தையற் பகுதி

மாணவர்களே, கட்டத் துணியில் மடிப்புப் பாவாடை தைப்பது பற்றிய வினாவுக்குப் பலர் மடிப்பு வகைகளின் பெயர்களை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடுவர். எந்தத் துணிக்கு எந்த மடிப்பு, ஏன் என்று காரணம் காட்டினாலே விடை நிறைவு பெறும். அதனை இப்பாடத்தில் கற்போம்.

1. அறிமுகம்

1867இல் கண்டி மாவட்டத்தின் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலையை வணிகப் பயிராகத் தொடங்கிய ஜேம்ஸ் டெய்லர் ஸ்கொட்லாந்து நாட்டவர். அந்நாட்டின் மரபு உடை கில்ட் ஆகும். டாட்டன் எனப்படும் கட்டக் கம்பளித் துணியால் அது தைக்கப்படுகிறது. முன்புறத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் இரு தட்டையான பகுதிகள் உண்டு. பின்புறம் முழுவதும் மடிப்புகள். துணியின் நெசவுக்கரையே கீழ் ஓரமாக வருவதால் அது மடித்துத் தைக்கப்படுவதில்லை.

சேலைக் கொய்யகம் பிழைத்தால் அவிழ்த்து மீண்டும் எடுக்கலாம். கில்ட்டின் மடிப்போ இடையிலிருந்து இடுப்பு வரை தைக்கப்படுகிறது. தடிப்பைக் குறைக்க உட்புறத் துணி வெட்டியும் நீக்கப்படுகிறது. வெட்டிய துணியை மீட்க முடியாது. ஆகவே கத்தரிக்கோலை எடுக்குமுன் கணக்கிடல் வேண்டும்.

2. அடிப்படை விதி

கட்டங்களின் வரிசை ஒருமுறை முழுமையாக வந்து மீண்டும் தொடங்கும் வரையுள்ள நீளத்தைக் கோல நீளம் என்போம். வெற்றுத் துணியில் மடிப்பின் ஆழத்தை நாம் விரும்பியவாறு தீர்மானிக்கலாம். கட்டத் துணியில் அப்படியன்று. ஒரே கோடு அடுத்த மடிப்பிலும் வரவேண்டுமாயின் அக்கோடு மீண்டும் வரும் இடம் வரை துணியை உள்ளே மடிக்க வேண்டும்.

நினைவிற்கொள்க: ஆழத்தைத் தீர்மானிப்பது கோலம். வெளியே தெரியும் அகலத்தையும் மடிப்புகளின் எண்ணிக்கையையும் தீர்மானிப்பது தைப்பவர்.

3. நான்கு முறைகள்

எடுத்துக்காட்டாக, இடுப்புச் சுற்றளவு 96 ச.மீ., மடிப்பு வரும் பின்பகுதி 48 ச.மீ., கோல நீளம் 24 ச.மீ. எனக் கொள்வோம். முதல் மூன்று முறைகளிலும் ஒரு மடிப்பில் வெளியே தெரியும் அகலம் 2.4 ச.மீ. எனின் மடிப்புகள் 20 ஆகும்.

(அ) கோட்டு முறை: ஒவ்வொரு மடிப்பின் நடுவிலும் ஒரே கோடு வரும். கோர்டன் ஹைலண்டர்ஸ் என்ற ஸ்கொட்லாந்துப் படைப்பிரிவின் கில்ட்டில் மஞ்சள் கோடு இவ்வாறு அமைந்தது. நடக்கும்போது உள்ளிருக்கும் நிறங்கள் தோன்றி மறையும். தேவை 20 × 24 = 480 ச.மீ.

(ஆ) கோல முறை: மடிப்புகள் சேர்ந்து முன்பகுதியின் கட்டத்தையே பின்புறத்திலும் காட்டும். ஒவ்வொரு மடிப்பும் 2.4 ச.மீ. முன்னேற வேண்டும். தேவை 20 × 26.4 = 528 ச.மீ.

(இ) அரைக்கோல முறை: கோலம் இடம் வலமாகச் சமச்சீராக இருப்பின் அதில் அரைக்கோல இடைவெளியில் இரு சமச்சீர்க் கோடுகள் இருக்கும். அவை மாறி மாறி மடிப்புகளில் வரும். தேவை 20 × 12 = 240 ச.மீ.

(ஈ) பெட்டி மடிப்பு: வெளியே தெரியும் அகலத்தின் மூன்று மடங்கு துணி வேண்டும். 8 ச.மீ. அகலமாயின் 24 ச.மீ., அதாவது சரியாக ஒரு கோலம். தேவை 6 × 24 = 144 ச.மீ.

துணியின் நீளத்தை 48ஆல் வகுத்தால் பின்புறத்தில் சராசரியாக எத்தனை படை துணி அமையும் என்பது தெரியும். முறையே 10, 11, 5, 3 படைகள். பெரிய கட்டத்தில் முதல் இரு முறைகளும் பாரமாக அமைவதன் காரணம் இதுவே. கோல நீளம் 12 ச.மீ. ஆக இருந்திருப்பின் கோட்டு முறைக்கு 5 படைகளே வரும்.

4. மாதிரி வினா

ஹுன்னஸ்கிரியவில் வசிக்கும் மாணவி ஒருவர் பாடசாலை வாத்தியக் குழுவுக்காகக் கில்ட் போன்ற பாவாடை தைக்க விரும்புகிறார். கண்டியில் வாங்கிய 75 ச.மீ. அகலமான சமச்சீர்க் கட்டத் துணி 3.5 மீற்றர் அவரிடம் உண்டு. அதே துணி கடையில் முடிந்துவிட்டது. மேலே தந்த அளவுகளுக்கு அமைய, அணிநடையில் மடிப்புகள் நன்கு அசையத்தக்க முறையைத் தெரிவுசெய்து காரணம் தருக. (ஓரங்களுக்கு 20 ச.மீ. தேவை.)

விடை: முன் தட்டுகள் இரண்டுக்கும் 48 × 2 = 96 ச.மீ. தேவை. ஓரங்களுடன் 116 ச.மீ. மடிப்புக்கு எஞ்சுவது 350 – 116 = 234 ச.மீ. கோட்டு முறைக்கும் கோல முறைக்கும் துணி போதாது. பெட்டி மடிப்புக்குப் போதும். ஆனால் மடிப்புகள் ஆறு மட்டுமே என்பதால் அசைவு குறைவு. அரைக்கோல முறைக்கு 240 ச.மீ. தேவை, 6 ச.மீ. குறைகிறது.

இங்கே அரைக்கோல முறையைக் கைவிட வேண்டியதில்லை. ஆழத்தைக் குறைத்தால் கோடு விலகிவிடும். எனவே எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். வெளியே தெரியும் அகலம் 3 ச.மீ. எனின் மடிப்புகள் 48 ÷ 3 = 16. தேவை 16 × 12 = 192 ச.மீ. துணி போதும், 42 ச.மீ. எஞ்சும், 4 படைகள் மட்டுமே என்பதால் பாரமும் குறைவு. ஆகவே அரைக்கோல முறையில் 16 மடிப்புகள் பொருத்தமானவை.

5. கவனிக்க வேண்டியவை

• இடையை நோக்கி மடிப்பை ஒடுக்கும்போது இரு பக்கங்களிலும் சம அளவு குறைக்குக. இல்லையேல் நடுக்கோடு சாய்ந்துவிடும்.
• முன் மேல்தட்டின் நடுவில் முக்கிய கோடு வருமாறு வெட்டுக.
• முன் தட்டுகளையும் ஓரங்களையும் கழித்த பின்னரே மடிப்புக்குரிய துணியைக் கணக்கிடுக. பரீட்சையில் அதிகமாகப் புள்ளி இழக்கப்படக்கூடிய இடம் இதுவே.

பயிற்சி: இதே துணி சமச்சீரற்ற கோலமுடையதாயின் எம்முறையைத் தெரிவுசெய்வீர்? காரணம் தருக.