நாலு சதுரம் அறுத்தால் ஊர் விளைச்சல் தெரியுமா?

திருப்பூர் மாவட்டத்தில் அமராவதிப் பாசன நெல் ஹெக்டேருக்கு எத்தனை கிலோ விளைந்தது என்ற அரசுக் கணக்கு, பயிர் அறுவடைப் பரிசோதனையிலிருந்து வருகிறது. தேர்வான வயலில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி, அறுத்து, அடித்து, எடை போடுகிறார்கள். பயிர்க் காப்பீட்டு இழப்பீடும் பெரும்பாலும் இந்த எடையை நம்பியே இருப்பதால், தப்பெண்ணங்களுக்கும் குறைவில்லை.

நம்பிக்கை: ஆயிரம் ஏக்கரின் விளைச்சலை நாலு இடத்து அறுவடை சொல்லாது.

உண்மை: துல்லியம் மொத்தப் பரப்பைப் பொறுத்ததல்ல, எத்தனை மாதிரி எடுத்தார்கள், வயலுக்கு வயல் விளைச்சல் எவ்வளவு மாறுகிறது என்பதையே பொறுத்தது. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு இது புதிதல்ல. ஏற்கத்தக்க தர வரம்புக்கான ஏக்யூஎல் (AQL) அட்டவணையின் வழக்கமான நிலையில் 10,000 பீஸுக்கு 200 பீஸைச் சோதிக்கிறார்கள்; 1 லட்சம் பீஸுக்கு 500தான். ஆனால் வயல்கள் ஒரே ஆர்டரில் தைத்தவை அல்ல. கிணற்றுத் தோட்டமும் மானாவாரிக் காடும் கலந்த ஊரில் சந்தேகப்படுபவர் பக்கமும் நியாயம் உண்டு. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் முக்கியப் பயிர்களுக்கு ஊராட்சி அளவில் கேட்பது குறைந்தது 4 பரிசோதனை. பிழையைப் பாதியாக்க 16 வேண்டும்.

நம்பிக்கை: சுமாரான வயலாகப் பார்த்து அறுத்தால் சராசரி கிடைத்துவிடும்.

உண்மை: ‘சுமார்’ ஆளுக்கு ஆள் மாறும். அதனால்தான் சர்வே எண்ணிலிருந்து சதுரத்தின் மூலை வரை சமவாய்ப்பு எண்களே முடிவு செய்கின்றன. பூச்சி தின்ற இடத்தில் விழுந்தாலும் கயிற்றை நகர்த்தக்கூடாது.

நம்பிக்கை: சதுரம் சிறிதானால் வேலை மிச்சம், கணக்கு மாறாது.

உண்மை: மாறும், அதுவும் ஒரே பக்கமாக. சிறிய மாதிரிகள் விளைச்சலைக் கூட்டிக் காட்டும் என்பதை 1940களில் புள்ளியியலாளர் பி.வி. சுகாத்மே நிறுவினார். வங்காளத்தில் சிறு வட்டங்களை அறுத்துக் கணக்கெடுத்த மற்றொரு புள்ளியியலாளர் மகலனோபிஸுடன் இதில் அவருக்குக் கருத்து வேறுபாடு இருந்தது. கயிற்றின் மேல் நிற்கும் தூரை அறுப்பவர் கை தானாக உள்ளே இழுக்கிறது. சதுரம் சிறுக்கச் சிறுக்க, பரப்புக்கு ஓரம் அதிகம். 20 சென்டிமீட்டர் இடைவெளி நடவில் 5 மீட்டருக்கு 25 வரிசை. ஒரு வரிசை கூடினால் 4 சதவீதம் மிகை. விளைச்சல் கூடுதலாகத் தெரிவதால் இழப்பீடு குறையும். தராசில் 100 கிராம் பிசகினால் ஹெக்டேருக்கு 40 கிலோ பிசகு. பருத்தியில் பாடு கூடுதல்: பல முறை எடுப்பதால், ஒவ்வொரு எடுப்பையும் அதே இடத்தில் எடை போட்டாக வேண்டும்.

நம்பிக்கை: தன் தோட்டம் அழிந்தால் பரிசோதனை அதைக் காட்டிவிடும்.

உண்மை: அது காட்டுவது ஊரின் சராசரியை மட்டுமே. ஆலங்கட்டி மழையில் ஒரு தோட்டம் மட்டும் அழிந்தால் தனி ஆய்வு கோரலாம். 72 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும்.